குடிப்படையிலிருந்து பள்ளி வளாகம் வரை: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய வழக்கு இன்று பெரும்பாலும் வரலாற்றைப் பற்றிய வழக்காகிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் நூறாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருந்த கைத்துப்பாக்கி உரிம முறையை 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது, ஒரு கட்டுப்பாடு மக்களின் பாதுகாப்புக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை நீதிபதிகள் எடைபோடத் தேவையில்லை என்றும், அந்நாட்டின் பழைய மரபில் அதற்கு ஒப்பான கட்டுப்பாடு இருந்ததை அரசு காட்டினால்தான் அது நிலைக்கும் என்றும் விதித்தது. அதன் விளைவாக, 18ஆம் நூற்றாண்டுப் பாஸ்டன் நகரத்தார் வெடிமருந்தை எங்கே வைத்திருந்தனர் என்பது போன்ற செய்திகள் இன்றைய வழக்கறிஞர்களின் கையில் சான்றுகளாக மாறியுள்ளன. பள்ளிகளிலும் கடைவீதிகளிலும் வழிபாட்டிடங்களிலும் மனிதர்கள் கும்பலாகச் சுட்டுக் கொல்லப்படும் ஒரு நாட்டில், உயிர் காக்கும் சட்டத்தின் தலைவிதி பழைய ஏடுகளைச் சார்ந்திருக்குமானால், அந்த ஏடுகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அறிவது வரலாற்றாசிரியர்களின் வேலையாக மட்டும் நின்றுவிட முடியாது.

அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் 27 சொற்களே கொண்ட அந்த வாசகம், ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர அரசின் பாதுகாப்புக்குத் தேவை என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. குடிப்படை என்பது சம்பளம் பெறும் நிலைப்படை அன்று. உழவும் தொழிலும் செய்துகொண்டிருக்கும் குடிமக்கள், அழைப்பு வந்ததும் தத்தம் துப்பாக்கியோடு திரளும் படை. நிலைப்படையைக் கொடுங்கோன்மையின் கருவியாகக் கண்டு அஞ்சிய தலைமுறை அதைக் காப்பாற்ற விரும்பியது. தென்மாநிலங்களில் அதே படை அடிமைகளின் கிளர்ச்சியை அடக்கும் காவலாகவும் இயங்கியது. திருத்தம் வந்த மறு ஆண்டே, 1792இல், நாடாளுமன்றம் இயற்றிய குடிப்படைச் சட்டம், 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட, உடல் வலுவுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண் ஒவ்வொருவனும் ஆறு மாதத்துக்குள் தன் சொந்தச் செலவில் ஒரு மஸ்கட் துப்பாக்கியும், அதன் முனையில் பொருத்தும் ஈட்டிக்கத்தியும், இரண்டு உதிரிச் சிக்கிமுக்கிக் கற்களும், 24 தோட்டாக்கள் கொள்ளும் பையும் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அணிவகுப்பு நாளில் அதிகாரி அவற்றைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். வீட்டுத் துப்பாக்கியை அரசு எண்ணிப் பார்ப்பது அக்காலத்தவருக்கு உரிமையைப் பறிக்கும் செயலாகத் தோன்றவில்லை என்பது கவனத்துக்குரியது.

நகரங்களின் விதிகளும் இதையே காட்டுகின்றன. தீ விபத்துக்கு அஞ்சிய பாஸ்டனில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவருவதை 1783ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இங்கே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்: அன்றைய மஸ்கட்டில் குழல்வாயின் வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்க வேண்டியிருந்ததால், நன்கு பழகிய வீரன்கூட நிமிடத்துக்கு மூன்று முறைக்கு மேல் சுடுவது அரிது. ஒரே ஆள் சில நிமிடங்களில் பலரைக் கொல்வது அக்காலத்தில் இயலாத காரியமாதலால், அதைத் தடுக்கும் சட்டம் அக்காலத்து ஏடுகளில் இல்லை; இல்லாத ஒன்றை எடுத்துக்காட்டச் சொல்வதில்தான் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பெருங்குறை உள்ளது.

ஆனால் கட்டுப்பாட்டை ஆதரிப்போரும் கண்திறந்து பார்க்க வேண்டிய இன்னொரு பக்கம் இந்த மரபில் உண்டு. ஆயுதம் மறுக்கப்பட்டவர்களின் வரிசையில் கறுப்பின மக்களே முதலில் நின்றனர். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்களைக் குடிமக்களாக ஏற்றால் அவர்கள் விரும்பிய இடமெல்லாம் ஆயுதம் ஏந்திச் செல்லும் உரிமையையும் பெற்றுவிடுவார்கள் என்பதைக் குடியுரிமை மறுப்புக்கான காரணங்களுள் ஒன்றாக அடுக்கினார். உள்நாட்டுப் போரில் அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்றவர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873இல் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைக் கூட்டமாகக் கொன்றதை அடுத்து எழுந்த வழக்கில், இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1876இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது, கொலையாளிகள் தப்பினர். கொல்லப்பட்டவர்களின் இனத்தாருக்குச் சட்டத்தின் காவல் எட்டாமல் போயிற்று. துப்பாக்கிச் சட்டம் என்றதும் தங்களைக் குறிவைத்து வருவதாகப் பல கறுப்பின அமெரிக்கர்கள் ஐயுறுவதற்குக் காரணம் இந்த வரலாறே.

திரைப்படங்கள் படைத்துத் தந்த அமெரிக்க மேற்குப்புறம் வேறு. ஆவணங்களில் உள்ள மேற்குப்புறம் வேறு. மாட்டு மந்தைகளை ஓட்டிவந்தவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதி டாட்ஜ் சிட்டி, விச்சிட்டா முதலிய ஊர்களில் இருந்தது. 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் நடந்து, பின்னர் எண்ணற்ற படங்களுக்குக் கருவான சண்டையே, ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாதென்ற நகர விதியை நிறைவேற்றப் புறப்பட்ட காவலர்களுக்கும் அதை மீறியவர்களுக்கும் இடையே மூண்டதுதான். இதற்கிடையில் கனெக்டிகட் மாநிலத்தின் ஆலைகள், ஒரு துப்பாக்கியின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தக்கூடிய வகையில் எந்திரத்தால் கடைந்தெடுக்கும் முறையைத் தேர்ந்து, ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் நிறுவனத்தின் சுழல் துப்பாக்கியையும் நியூ ஹேவனில் வின்செஸ்டர் ரைபிளையும் பெருமளவில் ஆக்கின. குடிப்படை மறைந்தது, துப்பாக்கி விற்பனைப் பண்டமாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டுப்பாடு பெரிய பகையை எழுப்பவில்லை. கைத்துப்பாக்கிக்கு உரிமம் கோரிய நியூயார்க்கின் சல்லிவன் சட்டம் 1911இல் வந்தது. 1929இல் சிகாகோவில் புனித வாலண்டைன் நாளன்று ஏழு பேரைத் தாம்சன் எந்திரத் துப்பாக்கி பலிகொண்டதும், அதைப் போன்ற கும்பல் சண்டைகளும் நாட்டை உலுக்க, 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் எந்திரத் துப்பாக்கிக்கும் குழல் குறுக்கிய ரகங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கி, 200 டாலர் வரி விதித்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் குண்டு தொடர்ந்து பாயும் துப்பாக்கியே எந்திரத் துப்பாக்கி எனப்படும். 200 டாலர் அக்காலத்தில் பெருந்தொகை; அந்த வகை ஆயுதம் அன்றுமுதல் குற்றவாளிகளின் கையில் அருகிப்போயிற்று. 1939இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழல் குறுக்கிய துப்பாக்கிக்கும் குடிப்படைக்கும் தொடர்பு காட்டப்படாததால் திருத்தத்தின் காவல் அதற்கில்லை என்று ஒருமனதாகக் கூறியது. 1871இல் உள்நாட்டுப் போரின் வடபகுதி அதிகாரிகள் இருவர், தம் வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற கவலையால் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கமும் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டது.

கூட்டப் படுகொலை என்ற இன்றைய வடிவம் அதன் பிறகே தலைகாட்டுகிறது. ஒரே நிகழ்வில் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ கொல்லப்படுவதை எஃப்.பி.ஐ. நெடுங்காலம் அளவாகக் கொண்டிருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூவர் என்று குறைத்தது. காயம்பட்டவரையும் சேர்த்து எண்ணும் அமைப்புகளும் உள்ளன. எண்ணிக்கைகள் ஆளுக்கொன்றாக வெளிவருவதற்கு இந்த அளவுகோல் வேறுபாடே காரணம். 1949இல் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் போரிலிருந்து திரும்பிய ஒருவன் தெருவில் நடந்தபடியே 13 பேரைக் கொன்றான். நாட்டின் நினைவில் ஆழப் பதிந்ததோ 1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

ஆஸ்டின் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகக் கோபுரத்தின் 28ஆம் மாடியில் பார்வையாளர் மேடை ஒன்று உண்டு. முன்னாள் மரைன் படைவீரனான மாணவன் ஒருவன், நள்ளிரவுக்குப் பின் தாயையும் மனைவியையும் கத்தியால் குத்திக் கொன்றபின், காலையில் ஓர் இரும்புச்சாமான் கடையில் ரைபிள் ஒன்றும், சியர்ஸ் கடையில் கடனுக்குத் துப்பாக்கி ஒன்றும் வாங்கினான். கேட்ட கடைக்காரரிடம் காட்டுப்பன்றி வேட்டைக்கு என்றான். ஆயுதங்களையும் உணவையும் தண்ணீரையும் ஒரு பெட்டியில் அடைத்து மேலே ஏற்றிக்கொண்டு, கோபுரத்துக்குள் மூவரையும், மேடையிலிருந்து 96 நிமிடங்கள் சுட்டுப் பதினொருவரையும் கொன்றான். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் சென்று, கோபுரத்தின் மேலிருந்து மக்களைச் சுடும் எண்ணம் தன்னைத் தொல்லைப்படுத்துவதாகச் சொல்லியிருந்தான். பிணப் பரிசோதனையில் மூளையில் கட்டி காணப்பட்டது. ஆயினும் ஆளுநர் அமைத்த வல்லுநர் குழுவால் அதுவே காரணம் என்று துணிந்து கூற இயலவில்லை.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் காரணங்களாகச் சுட்டியவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு நிகழ்விலேயே அடங்கியுள்ளன: அடிதடி மிகுந்த இளமைக்காலம், அண்மையில் நேர்ந்த வாழ்க்கை நெருக்கடி, சாகத் துணிந்த மனம், முன்கூட்டியே பிறரிடம் எண்ணத்தை வெளியிடுதல், எளிதில் கிடைக்கும் ஆயுதம். பிற்காலத்தவர்களிடம் முன்னோடிகளைப் படித்துப் பின்பற்றும் வழக்கமும் சேர்ந்தது. மனநோயே காரணம் என்ற வாதம் அரசியல் மேடைகளில் மிக எளிதாக வந்துவிடுகிறது. ஆனால் மனநோய் எல்லா நாடுகளிலும் உண்டு. நூறு பேருக்குச் சராசரியாக 120 துப்பாக்கிகள் பொதுமக்கள் கையில் இருப்பதாக 2018இல் ஜெனீவாவின் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் மதிப்பிட்ட நாடு அமெரிக்கா ஒன்றே. கூட்டப் படுகொலைகள் துப்பாக்கிச் சாவுகளில் மிகச் சிறிய பங்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

ஆஸ்டினைவிடவும் சட்டத்தை விரைவுபடுத்தியவை அரசியல் கொலைகளும் கலவரங்களும். 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ரைபிள், ரைபிள் சங்கத்தின் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் தருவிக்கப்பட்டது. 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு கலிபோர்னியச் சட்டமன்றத்துக்குள் நடந்துசென்றதும், குண்டு நிரப்பிய ஆயுதத்தைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரேகன் கையொப்பமிட்டார். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968இல், மாநிலம் கடந்த தபால் விற்பனையைத் தடுத்து, தண்டனை பெற்றவர்களுக்கும் மனநோய் காரணமாக நீதிமன்றத்தால் குறிக்கப்பட்டவர்களுக்கும் துப்பாக்கியை மறுக்கும் சட்டம் நிறைவேறியது. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவும் உடையவர்களுக்கு உரிமமும் வேண்டும் என்று அதிபர் ஜான்சன் கேட்டார், நாடாளுமன்றம் தரவில்லை.

திருப்பம் நேர்ந்தது 1977 மே 21 இரவு, சின்சினாட்டி நகரில். தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றி, வேட்டைக்கும் இயற்கைக் காப்புக்கும் முதன்மை தர எண்ணியிருந்த ரைபிள் சங்கத்தின் பழைய தலைமையை, ஹார்லன் கார்ட்டரின் ஆதரவாளர்கள் பொதுக்குழுவில் விதிமுறைகளைப் பயன்படுத்தி விடியும்வரை போராடி வீழ்த்தினர். அன்றுமுதல் எந்தக் கட்டுப்பாட்டையும் ஏற்காத அமைப்பாக அது மாறியது. நிறுவனத் தந்தையரின் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் விட்டுக்கொடாத நிலைப்பாட்டுக்கு இந்த அளவில் வயது அரை நூற்றாண்டுதான். அதன் முதற்பெரும் வெற்றி 1986ஆம் ஆண்டின் சட்டம். புதிய எந்திரத் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குச் செல்வதை அது நிறுத்தியது உண்மையே எனினும், துப்பாக்கிகளுக்கோ உடையவர்களுக்கோ மத்திய அரசு பதிவேடு அமைப்பதை அது அடியோடு தடை செய்தது.

அத்தடை நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் காணலாம். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று கண்டறியும் தேசிய மையம் அங்குதான் உள்ளது. ஊழியர் முதலில் தயாரிப்பாளரை அழைத்துத் துப்பாக்கி எண்ணைச் சொல்வார். தயாரிப்பாளர் மொத்த வணிகரைக் காட்டுவார். மொத்த வணிகர் சில்லறைக் கடையைக் காட்டுவார். கடைக்காரர் தம் பேரேட்டைப் புரட்டி வாங்கியவரின் படிவத்தைத் தேடுவார். கடை மூடப்பட்டிருந்தால் அதன் ஏடுகள் அனைத்தும் அட்டைப் பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்திருக்கும். எடை தாங்காமல் தளம் இடிந்துவிடும் என்ற அச்சத்தால் பெட்டிகள் வாகன நிறுத்தத்தில் சரக்குப் பெட்டகங்களுக்குள் அடுக்கப்பட்ட காலமும் உண்டு. ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினாலும், பெயரைத் தட்டச்சு செய்து தேடும் வசதியை வைக்கச் சட்டம் இடந்தரவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தே தீர வேண்டும். 1792இல் குடிப்படை அதிகாரி கையில் வைத்திருந்த பட்டியல் இன்றைய வல்லரசின் கையில் இல்லை.

1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில், கம்போடிய, வியட்நாமிய அகதிகளின் பிள்ளைகள் ஐவர் பள்ளி மைதானத்தில் கொல்லப்பட்டது, போர்க்களத் துப்பாக்கியை ஒத்த, தோட்டாக்கூட்டுக்குள் பல தோட்டாக்கள் கொள்ளும் ரகங்களை 1994 முதல் பத்தாண்டுகள் தடுத்த சட்டத்துக்கு வித்திட்டது. 1991இல் டெக்சாஸின் கில்லீன் நகர உணவகத்தில் 23 பேர் கொல்லப்பட்டதோ நேர்மாறான பாடமாகக் கொள்ளப்பட்டது. அங்கே பெற்றோர் இருவரையும் இழந்த சூசன்னா ஹப், சட்டத்துக்கு அஞ்சித் தம் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டு வந்ததாக நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1995இல் மறைத்து ஏந்த உரிமம் தரும் சட்டம் டெக்சாஸில் நிறைவேறியது. அவருடைய துயரம் உண்மையானது. அந்த வாதத்தை எள்ளி ஒதுக்குவோர், அது ஏன் இத்தனை மாநிலங்களில் வென்றது என்பதை விளங்கிக்கொள்ள மாட்டார்கள். அதே வேளையில், எது பலன் தரும் என்று ஆராயும் வழியும் அடைக்கப்பட்டது: 1996இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியிலிருந்து, துப்பாக்கி ஆய்வுக்குச் செலவிட்ட 26 லட்சம் டாலர் வெட்டப்பட்டது. வெட்டுக்குக் காரணமான உறுப்பினர் ஜே டிக்கி, பின்னாளில் ஆய்வு தொடர்ந்திருக்க வேண்டும் என்று வருந்தினார். 2020 நிதியாண்டில்தான் அந்த ஆய்வுக்கென மீண்டும் பணம் ஒதுக்கப்பட்டது.

சட்டத்தின் இண்டு இடுக்குகள் எப்படி உயிரைக் குடிக்கின்றன என்பதற்கு 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டதைவிடத் தெளிவான சான்று இல்லை. அவர்களுள் ஒருவர், கோபிச்செட்டிபாளையம் பகுதியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், நாரிஸ் அரங்கில் அன்று காலை உயர்நிலை நீரியல் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். கொலைசெய்த மாணவனை, தனக்குத்தானே ஆபத்து விளைவிக்கக்கூடியவன் என்று 2005 டிசம்பரிலேயே நீதித்துறை அலுவலர் ஒருவர் கண்டு, மருத்துவமனையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிட்டிருந்தார். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே மத்திய அரசுக்கு அனுப்புவது வர்ஜீனியாவின் அன்றைய வழக்கம். எனவே, வாங்குபவரின் குற்ற, மனநல வரலாற்றை விற்பனைக்கு முன் பார்க்கும் பின்னணிச் சோதனையில் அவன் பெயர் சிக்கவில்லை. அதிபர் ரேகன் மீதான 1981ஆம் ஆண்டுக் கொலைமுயற்சியில் முடமான செயலர் ஜேம்ஸ் பிராடியின் பெயரால் 1993இல் வந்த சோதனை அது. முப்பது நாளுக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற மாநில விதியை மதித்து, பிப்ரவரியில் ஒன்றும் மார்ச்சில் ஒன்றுமாக அவன் வாங்கினான். மாநிலங்கள் பெயர்களை ஒழுங்காக அனுப்புவதற்கான சட்டம் 2008 ஜனவரியில் வந்தது. அமெரிக்கச் சட்டங்கள் பெரும்பாலும் இப்படியே வளர்ந்துள்ளன: கடைசி ஓட்டையை அடைக்கின்றன, அடுத்த ஓட்டை திறந்தே இருக்கிறது.

அதே 2008இல் ஹெல்லர் வழக்கில், குடிப்படையோடு தொடர்பின்றியே தனிமனிதருக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முதன்முறையாகக் கூறியது. நீண்டகாலத் தடைகள் பலவற்றை அது தொடவில்லை என்பதால் கட்டுப்பாட்டுக்கு இடம் இருந்தது; இடம் இருந்தும் அரசியல் துணிவு இல்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, பின்னணிச் சோதனையைத் தனியார் விற்பனைக்கும் விரிக்க முயன்ற முன்மொழிவு, மேலவையில் 54 வாக்குகள் பெற்றும், தேவையான 60ஐ எட்டாமல் 2013 ஏப்ரலில் தோற்றது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பன்னிரண்டே நாளில் ஆஸ்திரேலிய மாநிலங்கள் உடன்பாடு கண்டு, ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றதை அமெரிக்கர் பலர் ஏக்கத்தோடு எடுத்துக்காட்டுவர். அங்கே அரசமைப்பு உரிமையும் இல்லை, அறுபது வாக்கு விதியும் இல்லை.

2022ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கடுமையை நீதிமன்றமே இரண்டாண்டில் சற்றுத் தளர்த்தியது. குடும்ப வன்முறைக்காக விலகியிருக்கும்படி ஆணை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்ற சட்டத்தை 2024 ஜூன் 21 அன்று ராஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலைநிறுத்திய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், பழங்காலத்தில் அச்சுக்கு அச்சு இணையான சட்டம் இருக்கத் தேவையில்லை, அடிக்கொள்கை ஒத்திருந்தால் போதும் என்றார். அவர் சான்றாக எடுத்தவற்றுள் ஒன்று, பிறரை அச்சுறுத்துபவனிடம் நீதிபதி பிணை எழுதி வாங்கும் பழைய முறை. நம் நாட்டில் நிர்வாகத்துறை நடுவர்கள் நன்னடத்தைப் பிணை வாங்குவதற்கு அது உறவுமுறை. ஆபத்தானவர் என்று குடும்பத்தாரோ காவலரோ மனுச் செய்தால் நீதிபதி தற்காலிகமாக ஆயுதத்தைப் பறிக்க ஆணையிடும் சட்டமும் இதே வேரிலிருந்து வளரக்கூடியது. அதை 1999இல் முதன்முதலில் இயற்றிய மாநிலம், துப்பாக்கித் தொழிலின் தொட்டிலான கனெக்டிகட்தான். இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது உள்ளது. கொலையாளிகள் பலர் முன்னரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்ற ஆய்வு முடிவோடு பொருந்தும் சட்டம் இதுவே.

எனினும் மனுச் செய்ய ஆள் வேண்டும். 2022 மே 14 அன்று நியூயார்க்கின் பஃபலோ நகரக் கடையில் கறுப்பின மக்கள் பத்துப் பேரைக் கொன்றவன், முந்தைய ஆண்டு பள்ளியில் கொலை பற்றி எழுதியதற்காக மனநலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டவன். அம்மாநிலத்தில் ஆயுதம் பறிக்கும் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருந்தும், அவன்மீது ஒருவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. படுகொலை நடந்த சில நாளில் ஆளுநர் ஆணையாலும், அடுத்த மாதம் சட்டத் திருத்தத்தாலும், இத்தகைய தகவல் கிடைத்தால் மனுத் தாக்கல் செய்வது காவல்துறையின் கடமையாக்கப்பட்டது.